புலிக்கு வாய் எழுதுகிறவள்

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரியை ஹாஜா பாய் கொடுத்தார். உரக்கடையில் அவருக்குச் சும்மா கிடைத்ததாம். அட்டையில் நெற்கதிர் படம்.

"என்ன பெயிண்ட் தீந்துபோச்சு, என்ன வாங்கணும்னு இதுல எழுதி வை பவுனு. நீதான் வாயத் தொறந்து கேக்க மாட்டியே. எழுதியாவது காட்டு" என்றார்.

கறுப்பு தீரப்போகிறது. மஞ்சள் இருக்கிறது. வெள்ளை பாதி டப்பா. புதுப் பஞ்சு வேண்டும்.

எழுதியாகிவிட்டது. இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

இதை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் யார் யார் என்று எழுதாவிட்டால் அரைகுறையாக இருக்கிறது.

நாங்கள் புலியாட்டக்காரர்கள். தனக்கோடி மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குழுவுக்குத் தலைவர். மற்ற நாளில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். என் அண்ணன் சரத் செல்போன் கடையில் இருக்கிறான். ராசப்பண்ணன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். இன்னும் மூன்று பேர். ஆக ஆறு புலி. மேளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வருவார்கள். ஹாஜா பாய் ஆடுவதில்லை, அடிப்பதுமில்லை. பிடித்த வேலை ஒன்றுதான், பேசுவது. பிரியாணிக் கடைத் திறப்பு, கட்சிக்காரர் வரவேற்பு, தர்கா கந்தூரி, கோயில் திருவிழா, கிரிக்கெட் போட்டிப் பரிசளிப்பு என்று எங்கே புலி கேட்டாலும் பேசி முடிப்பது அவர்தான்.

நான் புலி எழுதுகிறேன். ஆளைப் புலியாக எழுதுவது. இரண்டு வருஷமாக நான்தான். முன்பு திருவாரூரிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் வரவில்லை. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் பிரஷ்ஷை எடுத்தேன். அவ்வளவுதான்.

அம்மா மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அப்பா இல்லை. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். கடையில் அம்மாவுக்கு ஒத்தாசை வேண்டும் என்பதற்காக நின்றேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம்.

ஜனவரி 8, வியாழன்

ஹாஜா பாய் ஓடி வந்தார். நகராட்சி அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். உள்ளூர்க் கலைக்குழுக்களுக்கு நகராட்சி நிதியுதவி. இந்த வருஷம்தான் ஆரம்பிக்கிறார்கள். தேர்வாகிற குழுவுக்கு உதவித்தொகை உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், மூடிக்கிடக்கிற பழைய நூலகக் கட்டடத்தை வாரத்துக்கு ஒருநாள் ஒத்திகைக்குத் திறந்துவிடுவார்களாம். குழுவில் பெயர் உள்ளவர்களுக்கு நகராட்சி கலைஞர் அட்டையும் தரும்.

மாமாவுக்குப் பணத்தைவிட அந்தக் கட்டடத்தின் மேல்தான் கண். நாங்கள் இப்போது மில்லின் பின்கொட்டகையில் எழுதுகிறோம். மில்லை விற்றுவிட்டார்கள். மார்ச் மாதம் இடிக்கப்போகிறார்கள்.

கொட்டகை போனால் எங்கே எழுதுவது என்று அண்ணன் கேட்டான். மாமா, "ரோட்டுலதான்" என்றார்.

அம்மா வெண்டைக்காயைக் கூடையில் கொட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ரோட்டுல எழுதிக்குங்க. எம் பொண்ணு வர மாட்டா."

ஜனவரி 10, சனி

கமலா அக்கா, அம்மாவுக்குப் பக்கத்துக் கடை, பூ கட்டுகிறவர். இன்று அம்மாவிடம், "வயசுக்கு வந்த புள்ள, கொட்டகைக்குள்ள ஆம்பள முதுகுல தடவிக்கிட்டு நிக்கிறான்னு பேசிக்கிறாங்க மாலதி. நா சொல்லல, பேசிக்கிறாங்க" என்றார்.

நான் முருங்கைக்காய் கட்டு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சாயங்காலம் திருப்பூருக்கு, சித்தி மகளுக்கு, போன் போட்டு ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். பனியன் கம்பெனியில் வைகாசியில் ஆள் எடுப்பார்களாம்.

முருங்கைக்காய் விலை ஏறியிருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

விண்ணப்பம் போட்டாயிற்று. ஹாஜா பாய் எழுதினார். 'கலைஞர்கள் விவரம்' என்ற இடத்தில் ஆறு புலி, இரண்டு மேளம். என் பேரையும் எழுதப் போனாராம். கவுன்டரில் இருந்த கிளார்க், "மக்கள் முன்னாடி நிகழ்த்துறவங்க மட்டும்தான் கலைஞர். மேக்கப்பு, டீ வாங்குறவங்க, வண்டி ஓட்டுறவங்களையெல்லாம் சேக்க முடியாது" என்றாராம்.

"ஆறு புலின்னு எழுதியிருக்கீங்க. நேர்ல பாக்க வரும்போது ஒண்ணு கொறைஞ்சாலும் தள்ளிடுவாங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

பாய் எனக்காக வருத்தப்பட்டார். எனக்கு ஒன்றுமில்லை. அட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்.

நகராட்சி அட்டை நீல நிறத்தில் இருக்குமாம். போட்டோ ஒட்டி, சீல் வைத்து.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நாளை மாட்டுப் பொங்கலுக்கு ஆட்டம் இருக்கிறது. மதியமே எல்லாரும் மேல் மழித்துக்கொண்டார்கள், உடம்பில் முடி இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. அண்ணனுக்குச் சவரக்கத்தி பட்டு இடது தோளில் கீறல். "அந்த எடத்துல கறுப்பு வச்சுடு" என்றான். முடியாது, அந்த இடத்தில் அவனுக்கு மஞ்சள்தான் வரும். ஒவ்வொருவர் முதுகிலும் வரி ஏற்கனவே இருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரியும். மாமாவுக்கு மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்தடியில் ஒரு மேடு. அதைச் சுற்றி வரியை வளைத்துவிட்டால் அவர் குனியும்போது புலி பாயப்போகிற மாதிரி இருக்கும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜனவரி 16, வெள்ளி

வாய்க்கட்டைப் பற்றி எழுதவில்லை. இன்று எழுதும்படி ஆகிவிட்டது.

முதலில் மஞ்சள். அது காயும்வரை புலிகள் உட்காரக்கூடாது. கொட்டகையின் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறோம், அதில் கையை விரித்துப் போட்டு நிற்பார்கள். பிறகு வயிற்றுக்கு வெள்ளை, பிறகு முதுகெலும்பிலிருந்து தொடங்கிக் கறுப்பு வரி. கடைசியாக வாய். வாயை எழுதி முடித்துவிட்டால் கழுவுகிறவரை அந்த ஆள் பேசக்கூடாது. அதற்குத்தான் வாய்க்கட்டு என்று பெயர். பேசினால் உதட்டோரத்தில் பெயிண்ட் வெடித்துவிடும், அது ஒன்று. புலி மனுஷக் குரலில் பேசக்கூடாது, அது இன்னொன்று. பேசிவிட்டால் புலி கலைந்துவிட்டது. குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் தெருவில் எப்போதும் அப்படித்தான்.

இன்று வாய் எழுதி முடித்த பிறகு அண்ணனுக்கு போன் வந்தது. பழக்கதோஷத்தில் எடுத்து, "அலோ, செல்வி மொபைல்ஸ்" என்றுவிட்டான்.

மாமா பேசவில்லை. பேசவும் முடியாது. குழாயடியைக் கையால் காட்டினார்.

அண்ணன் என்னிடம் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். நான் தேங்காய் எண்ணெயையும் பழைய துணியையும் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து புலிதான் ஆடியது. மாட்டுக்காரர்கள் ஏன் ஐந்து என்று கேட்டதற்கு, "ஒரு புலிக்கு போன்ல ஆர்டர் வந்துருச்சு" என்றார் ஹாஜா பாய்.

ஜனவரி 20, செவ்வாய்

தக்காளி. வெங்காயம். துணி துவைத்தேன்.

ஜனவரி 24, சனி

நகராட்சியிலிருந்து கடிதம். பிப்ரவரி முதல் தேதி காலை பத்து மணிக்குக் கலை அலுவலர் நேரில் பார்க்க வருகிறார். கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார்கள், பிறகு ஆட்டம் பார்ப்பார்கள். அதில் தேறினால் அந்த மாதக் கடைசியில் நகராட்சித் திடலில் மக்கள் முன்னால் நிகழ்ச்சி.

"கேள்விக்கு நா இருக்கேன். புலி எங்க பொறந்துச்சுன்னு கேட்டாகூடச் சொல்லுவேன்" என்றார் பாய். கடிதம் வந்ததிலிருந்து கண்ணாடி முன் நின்று பதில் சொல்லிப் பார்க்கிறாராம். அவர் வீட்டம்மா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜனவரி 27, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த நித்யஸ்ரீ அவள் அம்மாவோடு கத்தரிக்காய் வாங்க வந்தாள். "நல்லாருக்கியா?" என்றாள். தலையாட்டினேன். "இன்னும் அப்படியேதான் இருக்கா" என்று அவள் அம்மாவிடம் சொன்னது கேட்டது.

தமிழ் ஐயா, "படி" என்பார். எழுந்து நிற்பேன். எழுத்தெல்லாம் தெரியும். மனதுக்குள் அவர்களைவிட வேகமாகப் படித்து முடித்திருப்பேன். ஆனால் நின்றுகொண்டே இருப்பேன், மணி அடிக்கிறவரை. முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஊமை என்றார்கள். அப்புறம் ஐயா என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எல்லாவற்றையும்விட.

கத்தரிக்காயை நிறையவே நிறுத்துப் போட்டுவிட்டேன். அம்மா திட்டினாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும். கையில் இன்னும் கறுப்பு போகவில்லை.

விடியுமுன்பே கொட்டகைக்குப் போய்விட்டோம். ஐந்து பேர் வந்திருந்தார்கள். ராசப்பண்ணன் வரவில்லை. மாமா போன் போட்டார். அறுவடை மெஷினை முதலாளி ராத்திரியே மன்னார்குடிப் பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டாராம். "வயல்ல நிக்கிறேண்ணே, நெல்லு சாஞ்சு கெடக்கு, விட்டுட்டு எப்புடி வர்றது" என்றார். தை மாதத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மாமா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஹாஜா பாய் மேல் நின்றது.

"என்னையா? எனக்கு ஆடத் தெரியாதே தனக்கோடி."

"நிக்கத் தெரியுமுல்ல? ஆறு தலை இருக்கணும். சட்டையக் கழட்டு."

"வயிறு இருக்கு."

"வயித்துப் புலி."

எல்லாரும் சிரித்தார்கள். அவசரம். அண்ணன் பாய்க்கு மேல் மழித்தான். நான் மஞ்சள் பூசினேன். பாய்க்குக் கூச்சம், நெளிந்துகொண்டே இருந்தார். வரி எழுத இடம் நிறைய இருந்தது. நன்றாகவே வந்தது. எல்லாரும் கயிற்றில் கை போட்டு நிற்க, ஒவ்வொருவராக வாய் எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில் பாய்.

அவர் வாயை எழுதி முடித்து பிரஷ்ஷைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்விக்குப் பதில் சொல்லப்போவது யார்?

யாரும் அதை யோசிக்கவில்லை. மாமாவுக்கு ஆறு என்ற எண்ணம் மட்டும்தான். நான் கொஞ்சம் முன்னால் யோசித்திருந்தால், பாய்க்கு மட்டும் வாயை விட்டுவைத்திருக்கலாம். இப்போது கழுவினால் முகம் முழுக்கத் திரும்பப் பூச வேண்டும், காய வேண்டும். மேளக்காரர்களாவது வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பஸ் வரவில்லை.

கலை அலுவலர் வந்துவிட்டார். பத்மஜா என்று பெயர். கதர்ப் புடவை, தோளில் பை. கூடவே அந்தக் கவுன்டர் கிளார்க். மேடம் வாசலிலேயே நின்று ஆறு புலியையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு காகிதத்தை எடுத்தார்.

"குழுத் தலைவர் யாருங்க?"

மாமா ஓரடி முன்னால் வந்து கும்பிட்டார்.

"உங்க பேரு தனக்கோடிதானே? குழு ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆவுது?"

மாமா நின்றார். ஹாஜா பாயைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. பாயின் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. ஒரு வாரம் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த பதில் எல்லாம் தொண்டையில் நிற்கிறது. கையை ஆட்டினார். வாயைத் தொட்டுக் காட்டினார். வானத்தைக் காட்டினார். அது எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

"பேசுங்க, நேரமில்ல" என்றார் கிளார்க். "என்னங்க இது, ஊமைப் புலியா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மேடம் பொறுமையாகத்தான் இருந்தார். "பதில் சொல்ல யாராவது இருக்கீங்களா? நான் குழு சொல்றதத்தான் எழுத முடியும். சொல்லலன்னா 'விவரம் தரவில்லை'ன்னு போட்டுட்டுப் போற மாதிரி ஆயிடும். இன்னும் ரெண்டு எடம் பாக்கணும்."

பேனா மூடியைக் கழற்றினார். கிளார்க் வண்டிச் சாவியை எடுத்தார்.

மாமாவின் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. உதட்டோரம் நான் வைத்த வெள்ளை மெல்ல வெடிப்பதைப் பார்த்தேன். ஒரு முடி அளவு. மாமா வாயைத் திறக்கப்போகிறார். திறந்தால் மாமா கலைந்துவிடுவார். மாமா ஆடாமல் மீதி ஐந்து பேர் ஆட்டம் ஆட்டமே இல்லை. பதினைந்து வயதிலிருந்து அவர் ஒருநாளும் வாய்க்கட்டை மீறியதில்லை.

"மாமா, வேணாம்."

யார் சொன்னது என்று நான்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் தூணுக்கு இந்தப் பக்கம் வந்தார். "நீயும் குழுவாம்மா?"

நான் மாமாவின் உதட்டை விட்டு வேறு எங்கும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், வாய் எழுதியாகிவிட்டது, இனி கழுவுகிறவரை அவர்கள் பேசக்கூடாது, பேசினால் புலி கலைந்துவிடும், என்னைக் கேளுங்கள் என்று. இவ்வளவு நீளமாகச் சொன்னேனா, துண்டு துண்டாகச் சொன்னேனா, ஞாபகமில்லை.

மேடம் ஒரு கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்தார். "சரி, மெதுவாச் சொல்லு."

எத்தனை வருஷம், எங்கெங்கே ஆடியிருக்கிறோம், வால் எதில் செய்கிறோம், ஏன் மேல் மழிக்கிறார்கள், கயிறு எதற்கு. கேட்டதற்கெல்லாம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இரண்டு இடத்தில் குரல் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் அவர் காத்திருந்தார், நிமிர்ந்து பார்க்காமல், எழுதுவது போல. அது உதவியாக இருந்தது. புலிகள் எனக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள். நான் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னதற்கு ஹாஜா பாய் உறுமினார். திருத்திச் சொன்னேன்.

கடைசியாக, "இவ்வளவு நல்லா வேஷம் எழுதுறது யாரு?" என்று கேட்டார்.

 எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

மேடம் என் தலைக்கு மேல் பார்த்துச் சிரித்தார். திரும்பினேன். ஆறு புலியும் கையை நீட்டி என்னைக் காட்டிக்கொண்டிருந்தன. பாய் இரண்டு கையாலும்.

மேளக்காரர்கள் அப்புறம்தான் ஓடி வந்தார்கள். ஆட்டம் நடந்தது. மாமா நன்றாக ஆடினார். ஹாஜா பாய் செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

போகும்போது கிளார்க்கிடம், "இந்தப் பொண்ணு பேரு பட்டியல்ல இல்லையே" என்றார்.

"ஆடல, அடிக்கல. மக்கள் முன்னாடி நிக்காதவங்கள எப்படி மேடம் சேக்குறது? விதி இருக்குல்ல."

"இருக்கு" என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்து, "மக்கள் முன்னாடி நிக்கணும்னுதான் இருக்கு. நின்னு என்ன செய்யணும்னு இல்ல" என்றார்.

புலிகளைக் கழுவி முடித்ததும் ஹாஜா பாய் பேச ஆரம்பித்தார். இதை எழுதுகிற வரைக்கும் நிறுத்தவில்லை என்று அண்ணன் வந்து சொல்கிறான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாமா யோசனையோடு வந்தார். திடலில் ஆடும்போது ஐந்து புலி முழுசாகப் போகட்டும், தான் வாய் மட்டும் எழுதாமல் வருகிறேன், மக்கள் நடுவில் நின்று பவுனு வாயை எழுதட்டும், எழுதி முடித்ததும் மேளம் அடிக்கட்டும் என்றார். "அதுவும் ஆட்டத்துல ஒரு பங்குதானே?"

நான் முடியாது என்று தலையாட்டினேன். உள்ளே போய் அரிசி களைந்தேன். இரண்டு தடவை களைந்தேன்.

அம்மா மாமாவிடம், "கொட்டகைக்குள்ள எழுதுறதுக்கே பேசுறாளுவ. நடுத்தெடல்ல வேற நிறுத்துவியா? வைகாசியில திருப்பூருக்கு அனுப்பப்போறேன்" என்று சொன்னது கேட்டது.

மாமா சாப்பிடாமல் போய்விட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

தேறிவிட்டோம். திடலில் பிப்ரவரி 22.

மார்ச் என்றார்கள், இப்போதே மில்லின் முன்பக்கச் சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கயிற்றையும் டப்பாக்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தேன். அம்மா பார்த்தாள். எடு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பனியன் கம்பெனியில் நாள் முழுக்கப் பேசாமல் இருக்கலாமாம். மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காதாம். சித்தி மகள் போனில் சொன்னாள். எனக்குச் சரியான இடம் என்றாள்.

சரியான இடம்தான்.

கறுப்பு புது டப்பா வாங்க வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

இன்று கடையில் கமலா அக்கா திரும்பவும் ஆரம்பித்தார். மேடத்திடம் நான் பேசியது ஊருக்குள் தெரிந்திருக்கிறது. "கொட்டகைக்குள்ள என்ன நடந்துச்சோ" என்றார்.

அம்மா தராசைக் கீழே வைத்தாள்.

"வா, வந்து பாரு. இருவத்திரெண்டாம் தேதி தெடல்ல எம்பொண்ணு எழுதப்போறா. ஊரே பாக்க எழுதப்போறா. நீயும் வந்து முன்னால நின்னு பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு."

கமலா அக்காவின் வாய் மூடிக்கொண்டது. என்னுடையதும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "கதவுக்குப் பின்னாடி செய்யிறதத்தாண்டி பேசுவாளுவ. எல்லாரும் பாக்கச் செஞ்சா என்னத்தப் பேசுறது?"

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். "கருவேப்பிலை வாங்க மறந்துட்டேன் பாரு."

பிப்ரவரி 21, சனி

ராசப்பண்ணன் வந்துவிட்டார். தன் இடத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டதில் ஹாஜா பாய்க்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன். "எதுக்கும் மேல் மழிச்சுத்தான் வச்சிருக்கேன்" என்றார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஐந்து புலியை நகராட்சிப் பள்ளி வகுப்பறையில் வைத்து எழுதினேன். மாமாவுக்கு வாய் மட்டும் பாக்கி. வாயில்லாத புலியாக அவர் திடலுக்குள் நடந்து போனார். நான் டப்பாவையும் பிரஷ்ஷையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மா கொடுத்த நீலத் தாவணி.

கூட்டம் இருந்தது. எவ்வளவு என்று பார்க்கவில்லை. மாமாவின் கழுத்தடி மேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நடுவில் ஒரு முக்காலி. மாமா அதில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். மைக் பிடித்திருந்தவர் ஹாஜா பாய்தான், வேறு யார். "பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது புலிக்கு வாய் வரப்போகிறது" என்றார். மைக்கை என் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

பிரஷ்ஷைத் தோய்த்தேன்.  பிரஷ் நுனி உதட்டின் மேல் நின்றுகொண்டே இருந்தது. வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன். எங்கோ ஒரு குழந்தை, "ஏம்மா அக்கா சும்மா நிக்கிது?" என்று கேட்டது.

மாமா மெதுவாக, "பயமா இருக்கா பவுனு?" என்றார். உதடு அசைந்தது.

"பேசாதீங்க மாமா, கோடு கோணிடும்!"

மைக் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். நாலு பக்கத்து ஸ்பீக்கரிலும் என் குரல் போனது. திடலே சிரித்தது. புலியைப் பேசாதே என்கிறாளே என்று யாரோ கத்தினார்கள். மாமா கண்ணால் சிரித்தார், உதட்டை அசைக்காமல். அதன் பிறகு ஏனோ கை தானாக ஓடியது. மேலுதட்டில் கறுப்பு, ஓரத்தில் வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டு பக்கமும் பல். மீசைக்கு மூன்று மூன்று இழுப்பு. கூட்டம் எப்போது அமைதியானது என்று தெரியவில்லை. பிரஷ்ஷை எடுத்ததும் மாமா எழுந்தார். தலையை ஒருமுறை சிலுப்பினார். மேளம் விழுந்தது.

நான் ஓரமாக வந்து நின்றபோதுதான் அம்மாவைப் பார்த்தேன். முதல் வரிசையில் நின்றிருந்தாள். பக்கத்தில் கமலா அக்கா. இடுப்பில் பூக்கூடை. யாருக்கும் விற்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 5, வியாழன்

கொட்டகையை முழுசாக இடித்துவிட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

கடிதம் வந்தது. மூன்று குழு தேர்வாகியிருக்கிறது, அதில் நாங்களும். உதவித்தொகை கேட்டதில் பாதிதான். பழைய நூலகக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு. சாவியை நாளை போய் வாங்க வேண்டும். உள்ளே வௌவால் இருக்கிறதாம், இரண்டு துடைப்பமாவது வேண்டும்.

அடியில் கலைஞர்கள் பெயர் இருந்தது. மாமா, அண்ணன், ராசப்பண்ணன், எல்லாரும். அட்டைக்குப் போட்டோ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "படி" என்றாள். எழுந்து நின்று படித்தேன், முதல் வரியிலிருந்து கடைசிப் பெயர் வரை. ஒன்பதாவது, பவுனாம்பாள், வேஷம் எழுதுபவர்.

"கேக்கல, இன்னொரு தடவ படி" என்றாள் அம்மா. படித்தேன். அதற்கப்புறம் இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னாள்.

இன்று அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.